லேமினேட் செய்த வெளிச்சம்

கலைமணியின் மாவில் கலப்படம் என்று தீர்ப்புச் சொன்னது ஒரு கட்டைவிரல்.

அது சேகோ உற்பத்தியாளர் நலச் சங்கத் தலைவர் மயில்சாமியின் கட்டைவிரல். ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கு மாவில், அதாவது மரவள்ளி மாவில், ஒரு சிட்டிகை எடுத்து, ஆட்காட்டி விரலோடு சேர்த்துக் காதருகே கொண்டுபோய், கண்ணை மூடித் தேய்ப்பார். சுத்தமான மாவு ஒரு விதமாகச் சத்தம் போடும், மக்காச்சோள மாவு கலந்திருந்தால் வேறு விதமாகச் சத்தம் போடும் என்பது அவர் கொள்கை. அந்தச் சத்தம் இதுவரை அவரைத் தவிர வேறு எவருக்கும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்று சொன்னவர்களும் இல்லை. ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் மில் வைத்திருக்கிற அத்தனை பேரும் அவர் தேய்க்கும்போது மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

கலைமணியின் லோடு சங்கக் குடோனுக்கு வந்தபோது கட்டைவிரல் தேய்த்தது, முகம் சுளித்தது. மூட்டைகளின் மேல் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு மூலையில் ஒதுக்கிவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சங்கச் செயலாளர் வேல்முருகன் அந்த மூட்டைகளைப் படமெடுத்து, மில் பெயர் பளிச்சென்று தெரியும்படி, வாட்ஸ்அப் குழுவில் போட்டார். “நம்மில் சிலர் செய்யும் துரோகம்” என்று ஒரு வரி. கீழே நாலைந்து அழுகிற பொம்மைகள்.

கலைமணியின் கணவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். மில்லைப் பார்த்துக்கொள்வது கலைமணிதான். கிழங்கு தோலுரிப்பதிலிருந்து களத்தில் மாவு காயவைப்பது வரை அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது. இப்போது கிழங்கு கொண்டுவந்து கொட்டுகிற டிராக்டர்காரர் வரைக்கும், “ஏனுங்க்கா, சோளம் வாங்கறீங்களாமா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கலைமணி அடுத்த நாளே சங்கத்துக்குப் போனார்.

“ஏனுங்க தலைவரே, என்ற மாவுல மக்காச்சோளம் இருக்குதுன்னு எதை வெச்சுங்க சொல்றீங்க?”

“கை சொல்லுது அம்மிணி. இது நேத்து முளைச்ச கை இல்ல.”

“தப்பா நெனச்சுக்காதீங்க. கை சொல்றது எனக்கும் கேக்கணுமுங்களே.”

வேல்முருகன் மேசையைத் தட்டினார். “தலைவர்கிட்டப் பேசற பேச்சா இது?”

கலைமணி அவர் பக்கம் திரும்பவில்லை. சுவரோரம் இருந்த கண்ணாடி பீரோவைக் காட்டினார். உள்ளே ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. அது வந்த நாளில் மேளம் வைத்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்து, கண் வைத்துப் பார்க்கிற இடத்திலேயே சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

“இது எதுக்குங்க இருக்குது?”

“அதுக்கு ஆளே தனியாப் போட்டிருக்கறோம். ஜீவானந்தம், இங்க வாப்பா.”

ஜீவானந்தம் தாவரவியல் படித்தவர். சங்கத்தின் ஆய்வக அலுவலர். ஆய்வகம் என்பது அந்த பீரோதான் என்பதால், அவர் பெரும்பாலும் பேனருக்கு வாசகம் எழுதிக்கொண்டும் விருந்தினருக்கு டீ சொல்லிக்கொண்டும் இருந்தார்.

“சாதா வெளிச்சத்துல பாத்தா எல்லா மாவும் தண்ணித் துளியாட்டம் ஒண்ணுபோலத்தான் தெரியுமுங்க. நான் ஒண்ணு சொல்ல, தலைவரு ஒண்ணு சொல்ல, சண்டைதான் வரும். போலரைசர்னு ரெண்டு பில்டர் வேணும். அது இருந்தாச் சின்னப் பையன்கூட சொல்லிருவான். வாங்கித் தரச்சொல்லிக் கேட்டனுங்க. அதுக்கு ஒரு துணைக் கமிட்டி போட்டாங்க.”

“அப்புறம்?”

“கமிட்டி ஏற்காட்டுக்குப் போயிட்டு வந்துச்சுங்க.”

தலைவர் இருமினார். “அறிவியல் விஷயமெல்லாம் அவசரப்படக் கூடாது அம்மிணி.”

“அதை நாமளே பண்ணிக்க முடியாதுங்களா?” என்று கலைமணி ஜீவானந்தத்தைக் கேட்டார்.

“போன்ல பாத்திருக்கேன். வெளிநாட்டுல ஊட்டுலயே பண்றாங்க.”

தலைவர் மனம்விட்டுச் சிரித்தார். “பண்ணுங்க, பண்ணுங்க. வாங்கற ஏஜெண்ட் இளஞ்செழியன் வர்ற அன்னைக்கி அவரு முன்னாலயே காட்டுங்க. சுத்தம்னு தெரிஞ்சா, எடுத்துட்டுப் போங்க உங்க மூட்டைய.”

அப்படித்தான் ஒரு மாவு மில்லின் ஆபீஸ் அறைக்குள் ஒளியியல் புகுந்தது.

விஷயம் சொல்வதற்குச் சுலபம். வெளிச்சத்தை ஒரே ஒரு சாய்வில் மட்டும் உள்ளே விடுகிற தாள் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பின் விளக்கு மேலும் இன்னொன்றைக் கண் வைக்கிற இடத்திலும் வைத்து, ஒன்றை மெல்லத் திருப்பினால், ஒரு கட்டத்தில் எல்லாம் இருட்டாகிவிடும். முதல் தாள் விட்ட வெளிச்சத்தை இரண்டாவது தாள் நிறுத்திவிடுகிறது. அந்த இருட்டில் மாவை வைத்தால், மாவு மணிகள் மட்டும் வெளிச்சத்தைத் திருகி அனுப்பும். ஒவ்வொரு மணியும் நடுவில் கறுப்புக் கூட்டல் குறியோடு வெள்ளையாக எரியும். அப்போது மணியின் வடிவம் அப்பட்டமாகத் தெரியும்.

ஜீவானந்தம் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தாள் எங்கே கிடைக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை.

முதலில் கூலிங்கிளாஸ். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ‘போலரைஸ்டு’ என்று தங்க எழுத்தில் ஒட்டி விற்கிறார்கள். கலைமணி இரண்டு வாங்கிவந்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, கடைசியில் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்கள். இருட்டவே இல்லை. அந்தக் கண்ணாடியில் போலரைஸ்டாக இருந்தது ஸ்டிக்கர் ஒன்றுதான்.

அடுத்து, சினிமாத் தியேட்டரில் முப்பரிமாணப் படத்துக்குக் கொடுக்கிற கண்ணாடி. சேலத்தில் கல்லூரி படிக்கிற தனப்பிரியா, கலைமணியின் அண்ணன் மகள், படம் பார்க்கப் போன இடத்திலிருந்து இரண்டு கண்ணாடியைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். நல்ல குடும்பத்துப் பெண்ணைத் திருட வைத்த பாவமும் சேர்ந்ததே தவிர, வேலை ஆகவில்லை. எப்படித் திருப்பினாலும் கறுப்பதற்குப் பதில் மங்கலாக ஒரு ஊதா நிறம் வந்தது.

“இது வேற ஜாதிங்க. வெளிச்சத்தைச் சுத்தி விடற பில்டர். ஒண்ணைக் கழட்டிப் பின்பக்கமாப் போட்டாச் சரியாகும்னு நெனைக்கறேன்” என்றார் ஜீவானந்தம்.

கழற்றினார். பின்பக்கமாகப் போட்டார். ஊதா பழுப்பாக மாறியது.

“நெனைச்சது போதுமுங்க. தெரிஞ்சதைச் சொல்லுங்க” என்றார் கலைமணி.

தெரிந்தது ஒன்றுதான். எண் காட்டுகிற திரையில் எல்லாம் அந்தத் தாள் ஒட்டியிருக்கும். மில்லில் பழுதான எலக்ட்ரானிக் தராசு ஒன்று சாக்குக்கு அடியில் கிடந்தது. திரையைக் கழற்றி, முன்பக்கத் தாளை பிளேடு முனையால் ஓரம் கிளப்பி, சுடுதண்ணீர் ஒற்றி உரித்தார்கள். முழுசாக வந்தது. இரண்டு பேரும் மூச்சுவிட்டார்கள். ஆனால் தாள் முழுக்கப் பிசுபிசுவென்று பசை.

“அதுக்குத்தான் கொண்டாந்திருக்கேன்” என்று ஜீவானந்தம் பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை எடுத்தார். பஞ்சில் நனைத்துத் துடைத்தார். பசை போனது. தாளும் போனது. வெயிலில் விட்ட அப்பளம் மாதிரி சுருண்டு, வெளுத்து, கையோடு வந்துவிட்டது.

கலைமணி அந்தச் சுருளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“நீங்க படிச்சது தாவரவியல்தானுங்களே?”

“ஆமாங்க.”

“அதான். தாவரமா இருந்திருந்தா பிழைச்சிருக்கும்.”

பின்பக்கத் தாளை உரித்தால் அதில் வெள்ளிப் பூச்சு. வெளிச்சம் ஊடுருவாது. அன்றைக்கு ஜீவானந்தம் சாப்பிடாமலே போய்விட்டார்.

பழைய இரும்புக் கடையில் இன்னொரு தராசுத் திரை கிடைத்தது. இம்முறை கலைமணியே உரித்தார். பசையை எடுக்க அவர் எந்தத் திரவத்தையும் நம்பவில்லை. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தார். மாவு களத்தில் காய்ந்து, வாரி, மூட்டை கட்டும் வரைக்கும் அதே வேலையாக உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் நகம் தேய்ந்துவிட்டது. தலைவரின் கட்டைவிரலுக்கு அப்படி ஒரு தேய்மானம் வந்ததாகச் செய்தி இல்லை. ஒரே தாளை இரண்டாக வெட்டி, சோடா மூடி அளவுக்கு வட்டமாக்கி, ஒன்றை விளக்கு மேல் வைத்தார்கள், ஒன்றைக் கண் வில்லைக்குள் இறக்கினார்கள்.

மைக்ராஸ்கோப்பை மில்லுக்குக் கொண்டுவந்ததே தனிக் கதை. ‘சுத்தம் செய்ய’ என்று எழுதிக்கொடுத்துத்தான் ஜீவானந்தம் அதைக் கிளப்பினார். குங்குமத்தை எடுப்பதும் சுத்தம் செய்வதுதான் என்பதால் பொய்யும் இல்லை.

கலைமணி கண் வைத்து, வில்லையைத் திருப்பினார். வெளிச்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். கறுத்தது. அமாவாசை மாதிரி கறுத்தது.

“மாவை வைங்க.”

இருட்டுக்குள் குட்டிக் குட்டிப் பந்துகளாக எரிந்தது அவர் மாவு. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கூட்டல் குறி. பல பந்துகளில் ஒரு பக்கத்தைக் கத்தியால் சீவின மாதிரி இருந்தது. குச்சிக்கிழங்கு மாவின் அடையாளமே அந்தச் சீவல்தான். பிறகு மளிகைக் கடையில் வாங்கிய மக்காச்சோள மாவை வைத்தார்கள். ஜல்லிக்கல்லைக் கொட்டின மாதிரி மூலையும் முடுக்குமாக இருந்தது. குருடரும் குழம்ப முடியாது என்று சொல்லலாம், மைக்ராஸ்கோப் விஷயத்தில் அப்படிச் சொல்வது சரியாக இருக்குமானால்.

“என்ற மாவுல ஒரு ஜல்லி இல்லீங்க” என்றார் கலைமணி. உடனே, “நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இருக்குதா?” என்று அதட்டினார்.

“இல்லவே இல்லீங்க.”

கலைமணி அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதுதான் அவர் செய்த தவறு.

அரைமணி நேரத்தில் தலைவர் பதிவிட்டார்: “நமது சங்கத்தின் அரிய கண்டுபிடிப்பு. இந்தியாவே வியக்கும்.” கூப்பிய கைகள் நாற்பது வந்தன. மாலையில் வண்டி வந்து மைக்ராஸ்கோப்பையும் தாள்களையும் பத்திரமாகச் சங்கத்துக்கு எடுத்துப் போனது. இளஞ்செழியன் வருகிற நாளிலேயே ‘நவீன ஒளி ஆய்வக அர்ப்பணிப்பு விழா’ என்று முடிவாயிற்று. பேனரில் தலைவர் மைக்ராஸ்கோப்பைத் தாயத்து மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். கலைமணியின் பெயர் எங்கும் இல்லை. வாசகம் எழுதிய ஜீவானந்தம் அதற்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டார்.

“பேரு கெடக்குது விடுங்க. மூட்டைல இருக்கற பெயிண்ட்டு போனாச் சரி” என்றார் கலைமணி.

விழா நாளில் சங்கக் கூடம் நிரம்பிவிட்டது. மில்காரர்கள் எல்லாரும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்கள். சமையல்காரர்கள் பின்னால் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஏஜெண்ட் இளஞ்செழியன் முன்வரிசையில், பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். தலைவர் ஒளியைப் பற்றிப் பேசினார். சூரியன் ஒளி, அறிவு ஒளி, தலைமை ஒளி. பேசி முடிப்பதற்குள் ஒலிபெருக்கிக்காரர் இரண்டு முறை மைக்கைச் சரிசெய்தார்.

பிறகு கலைமணியின் மாவை வைத்து, தலைவர் குனிந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பூரிப்பு.

“பாருங்க! பச்சை, ரோஸு, ஊதா! சுத்தமான மாவு வெள்ளையா இருக்குமா, இப்படி திருவிழாவாட்டம் இருக்குமா? என்ற கை அன்னைக்கே சொல்லுச்சு!”

கைதட்டல். கலைமணி எழுந்து போய், அவரை நகரச் சொல்லிக்கூடக் கேட்காமல் கண் வைத்தார். இருட்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மழைநாளில் ரோட்டில் சிந்தின டீசல் மாதிரி, ஒரே நிறக் குழம்பு. மாவு வைத்த கண்ணாடித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். மறுபடி பார்த்தார். நிறம் அப்படியே இருந்தது.

“இப்ப உள்ள ஒண்ணுமே இல்லீங்க. வந்து பாருங்க. அப்பவும் கலர் இருக்குது.”

“இருக்கும். உங்க மாவு தொட்ட இடமாச்சே” என்றார் வேல்முருகன்.

கலைமணி விளக்கு மேலிருந்த தாளை எடுத்தார். கனமாக, வழவழவென்று இருந்தது. விளிம்பில் ஒரு கரை. ஓரத்தில் சங்கத்தின் சின்னம்.

“இதை யாருங்க லேமினேட் பண்ணுனது?”

“நாந்தானுங்க” என்றார் வேல்முருகன், பாராட்டை எதிர்பார்க்கிறவராக. “அத்தனை பேரு தொடுவாங்க. அழுக்குப் படாம இருக்கட்டும்னு ஜெராக்ஸ் கடையில குடுத்து ரெண்டுக்கும், ரெண்டு பக்கமும்.”

சங்கத்தில் எது முக்கியமோ அதை லேமினேட் செய்வது வேல்முருகனின் வழக்கம். பதிவுச் சான்றிதழ், தலைவர் பிறந்தநாள் வாழ்த்துப்பா, கழிவறைச் சாவியோடு தொங்குகிற அட்டை, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தான். அது மரியாதை. லேமினேட் ஆகாத பொருளை அவர் பொருளாகவே மதித்ததில்லை.

ஜீவானந்தம் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயா, அந்த பிளாஸ்டிக்கே வெளிச்சத்தைத் திருகுமுங்க. நாம பாக்கறது மாவை இல்ல, லேமினேஷனை.”

“உரிச்சிரலாமே?” என்றார் தலைவர்.

“சூட்டுல ஒட்டுனதுங்க. உரிச்சா ரெண்டும் சேந்து கிழியும்.”

கூட்டத்தில் சலசலப்பு. இளஞ்செழியன் முதன்முறையாகக் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். “ஏனுங்க தலைவரே, உங்க மில்லு மாவை ஒருக்கா வைங்களேன்.”

வைத்தார்கள். பச்சை, ரோஸ், ஊதா.

தலைவர் அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்காமல் முடிவெடுப்பதுதான் அவரைத் தலைவராக வைத்திருந்தது. “அப்படீன்னா என்ன அர்த்தம்? நம்ம வட்டாரத்து மாவு எல்லாம் ஒரே மாதிரி! எல்லாமே சுத்தம்! இதைத் தீர்மானமாவே போட்டுருங்க வேல்முருகா. அம்மிணி, உங்க மாவும் சுத்தம். திருப்திதானுங்களே?”

இன்னும் பலமான கைதட்டல்.

“எல்லாம் ஒண்ணுதான்னா, நானும் எல்லாத்துக்கும் கலப்பட மாவு விலைதானுங்க போடணும்” என்றார் இளஞ்செழியன். “எது நல்லதுன்னு எனக்கெப்படித் தெரியும்?”

கைதட்டல் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் வந்து இலை போட்டாயிற்று என்றார். கூடம் காலியாயிற்று.

கலைமணி நகரவில்லை. “தாள் வேணுமுங்க.”

“இனி எங்கிங்க போறது? இரும்புக் கடையில இருந்ததே அது ஒண்ணுதான்” என்றார் கூடவே நின்ற ஜீவானந்தம்.

கலைமணியின் பார்வை செயலாளர் மேசைமேல் போய் நின்றது. அங்கே கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்று இருந்தது. தூசி படாமலிருக்க அதற்கும் பிளாஸ்டிக் உறை.

“வேண்டாமுங்க” என்றார் ஜீவானந்தம். “என்ற வேலை போயிரும்.”

“இத்தனை வருசத்துல இன்னைக்கித்தானே வேலையே செய்யறீங்க. திருப்புளி எங்கிருக்குது?”

சாம்பார் வாசனை கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தபோது அவர்கள் மானிட்டரின் முதுகைத் திறந்தார்கள். கண்ணாடியின் பின்பக்கத் தாள், தராசில் இருந்த வெள்ளிப் பூச்சு இல்லாமல், அகலமாக, ஒரு சுவர்க் காலண்டர் அளவுக்கு இருந்தது. கலைமணி பிளேடால் ஓரம் கிளப்பினார். பாதி வரைக்கும் ஒழுங்காக வந்தது, பிறகு கிழிந்தது. வந்த பாதி போதும். செல்லோடேப்பால் பசையைப் பிய்க்கும்போது தேய்ந்த நகத்தடியில் ரத்தம் வந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஜீவானந்தம் இரண்டு வட்டம் வெட்டினார். முதல் வட்டத்தில் கைரேகை விழுந்துவிட்டது, மறுபடி வெட்டினார்.

பாயசம் முடிந்து, வெற்றிலை மடித்தபடி எல்லாரும் திரும்பி வந்தபோது, மைக்ராஸ்கோப்புக்குள் இருட்டு திரும்பியிருந்தது.

“ஐயோ, என்ற மானிட்டரு!” என்று வேல்முருகன் அலறினார்.

“பொறுங்க” என்று சொல்லிவிட்டு இளஞ்செழியன் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் வைத்திருந்த மக்காச்சோள மாவையும் பார்த்தார். மறுபடி கலைமணியின் மாவைப் பார்த்தார். “அட! இது வேற, அது வேறன்னு பளிச்சுனு தெரியுதே. அம்மிணி மாவுல சோளம் ஒரு துளி இல்லீங்க. முழு விலை குடுத்து நான் எடுத்துக்கறேன்.”

கலைமணி தேய்ந்த நகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

“சரி” என்று இளஞ்செழியன் கையைத் தட்டினார், உற்சாகமாக. “அடுத்தது யாருதுங்க?”

முன்வரிசையில் இருந்த ஒரு மில்காரர் போனை எடுத்துக் காதில் வைத்து, அது அடிக்காமலே, “ஆமாமா, கிளம்பிட்டேன்” என்றபடி வெளியே போனார். இன்னொருவருக்குச் சங்ககிரியில் லாரி நிற்கிற ஞாபகம் வந்தது. கருப்பண்ணன் என்ற பெரிய மில்காரர் வயிற்றைத் தடவி, பாயசத்தைக் குறை சொல்லிக்கொண்டே நழுவினார். வெள்ளை வேட்டிகள் கதவில் நெருக்கியடித்தன.

“தலைவரே, உங்க மாவு இங்கியே இருக்குதுங்களே. ஒரு நிமிசம்.”

“அதுக்கென்னங்க, தாராளமா” என்றார் மயில்சாமி, செருப்பில் காலை நுழைத்தபடி. “ஆனா அறிவியல்னா முறைன்னு ஒண்ணு இருக்குது. இந்தத் தாளு கமிட்டி பாக்காத தாளு. இதை வெச்சு முடிவெடுத்தா நாளைக்கி நாலு பேரு கேப்பாங்க. எனக்கு வேற ஜேடர்பாளையத்துல ஒரு காதுகுத்து.” மேசைமேலிருந்த தன் மாவுப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலில் வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. கூடத்தில் மிஞ்சியது மூன்று பேர், திறந்த முதுகோடு ஒரு மானிட்டர், பேனரில் சிரிக்கிற தலைவர்.

“வாங்க, மூட்டையை ஏத்திரலாம். லாரி நிக்குது” என்றார் இளஞ்செழியன்.

குடோன் பூட்டியிருந்தது. சாவி வேல்முருகனிடம். வேல்முருகன் தலைவர் காரில் பின்சீட்டில் ஏறிப் போனதை ஜீவானந்தம் பார்த்திருந்தார். கூப்பிட்டார்கள். போன் மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

இளஞ்செழியன் கம்பிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். சிவப்புக் குறி போட்ட மூட்டைகள் மூலையில் அடுக்கியபடி இருந்தன. “நாளைக்கி நான் தம்மம்பட்டிப் பக்கம் போறனுங்க. அடுத்து இங்க எப்ப வருவேன்னு தெரியாது. சாவி கிடைச்சாச் சொல்லுங்க” என்று லாரியில் ஏறிக்கொண்டார்.

கலைமணி கம்பியை இழுத்துப் பார்த்தார். பூட்டைத் தூக்கி எடைபோடுவது மாதிரி பார்த்தார்.

“இப்ப என்னங்க பண்றது?” என்றார் ஜீவானந்தம்.

“தாளு ரெண்டையும் கழட்டிக் குடுங்க. மிச்சம் கிழிஞ்சது இருக்குதே, அதையும் குடுங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“இங்கியே பீரோவுல வெச்சுப் பூட்டிரலாமுங்க. பத்திரமா இருக்கும்.”

கலைமணி அவரைப் பார்த்த பார்வையில் ஜீவானந்தம் உள்ளே போய், மறுபேச்சில்லாமல் தாள்களைக் கழற்ற ஆரம்பித்தார். கலைமணி போனை எடுத்து வேல்முருகனின் எண்ணை மறுபடி அழுத்தினார்.